பதிவேட்டில் 125 எப்படி வந்தது? ஓர் உயிரிப் புள்ளியியல் கோடைப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் புள்ளியியல் துறை, இரண்டாம் ஆண்டு முடித்த மாணவர்களுக்கு மே மாதத்தில் நான்கு வாரக் கோடைப் பயிற்சி நடத்தியது. பொருள் உயிரிப் புள்ளியியல், அதாவது நோய், மருந்து, சிகிச்சை சார்ந்த தரவுகளோடு வேலை செய்யும் துறை. பயிற்சியைத் திட்டமிட்டதிலும் வகுப்பெடுத்ததிலும் எனக்குப் பங்கு உண்டு. கல்லூரி, மருத்துவமனை, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

எங்கள் பக்கம் பி.எஸ்சி. புள்ளியியல் சேரும் பிள்ளைகளைப் படித்து முடித்து என்ன செய்வாய் என்று கேட்டால் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, பி.எட். என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘டேட்டா சயின்ஸ்’ என்பார்கள். கோவை, பெருந்துறை, சேலம், கரூர் என்று மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2022இல் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் புதிதாக வந்தன. அவற்றின் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் படித்தவருக்கு ஓர் இடம் உண்டு என்பது வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மருந்துப் பரிசோதனைத் தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் ஆள் எடுப்பதும் தெரியாது. வேலூர் சிஎம்சியில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு இருப்பதை ஒரே ஒரு மாணவி மட்டும் கேள்விப்பட்டிருந்தார், அதுவும் அங்கே நர்ஸாக இருக்கும் அத்தை சொல்லி.

முன்மாதிரி என்று எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் 2004 முதல் நடந்துவரும் கோடைப் பயிற்சிகளை. அங்குள்ள தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தின் நிதியில் பல பல்கலைக்கழகங்கள் நடத்துபவை, ஏறக்குறைய ஆறு வாரம் ஓடும். அந்த நாட்டுக் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் மட்டுமே சேரலாம், ஆகவே நம் பிள்ளைகள் விண்ணப்பிக்க வழியில்லை. ஆனால் அந்த அமைப்பைப் பார்த்துக் கற்க யாரும் தடை சொல்லவில்லை. தங்குமிடமும் உதவித்தொகையும் கொடுத்து, உண்மையான ஆய்வுத் தரவை மாணவர் கையில் கொடுத்து, இந்த வேலையில் இருப்பவர்களைக் கூட்டிவந்து பேச வைக்கிறார்கள். நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது பாடத்திட்டத்தை மட்டும். உதவித்தொகைக்குப் பணமில்லை, உண்மைத் தரவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

சேர்ந்தவர்கள் 23 பேர். 18 பேர் எங்கள் துறை, ஐந்து பேர் பக்கத்து ஊர் மருந்தியல் கல்லூரி.

முதல் வாரத்தில் பார்த்தது

பாடம் நன்றாகத்தான் போனது. புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம், ஆய்வகத்தின் பழைய கணினிகளிலும் ஓடும். டி சோதனை, கை வர்க்கச் சோதனை, நம்பிக்கை இடைவெளி எல்லாவற்றுக்கும் புள்ளியியல் மாணவர்கள் சூத்திரத்தை ஒப்பித்தார்கள். ஆனால் ஒரு மருத்துவக் கட்டுரையின் சுருக்கத்தைக் கொடுத்து, ‘இங்கே அளந்தது எதை, யாரிடம், எப்போது?’ என்று கேட்டால் மௌனம். மருந்தியல் பிள்ளைகள் நேர் எதிர். மருந்தின் அரை ஆயுள் தெரியும், திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். இரண்டு கூட்டமும் தனித்தனி வரிசையில் உட்கார்ந்தன.

ஐந்தாம் நாள் வருகைப் பதிவில் ஆறு பேர் இல்லை. வகுப்பு பிடிக்காமல் நின்றுவிட்டார்கள் என்று துறையில் ஒரு பேச்சு எழுந்தது. விசாரித்தால் ஆறு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். கோடை விடுமுறையில் பிசிறு வெட்டவும் செக்கிங் பார்க்கவும் போவது இங்கே புதிதல்ல. ஒன்றரை ஷிப்டு பார்த்தால் ஒரு மாதத்தில் அடுத்த பருவத்துக் கட்டணத்தில் பாதி தேறும். ஒரு மாணவியின் அப்பாவைத் தொலைபேசியில் பிடித்தபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: “சர்டிபிகேட்டு குடுப்பீங்கன்னு பாப்பா சொல்லுச்சுங்க. அதை வெச்சுப் பேங்க் பரீட்சையில மார்க்கு ஏதும் சேருமுங்களா?” சேராது என்றுதான் சொல்ல முடிந்தது.

முதல் முடிவு: நாள்படி

இரண்டு வழி இருந்தது. இருக்கும் 17 பேரை வைத்து நடத்துவது, அல்லது பணம் திரட்டுவது. நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன். வசதி உள்ளவர் மட்டும் மிஞ்சினால் ‘யாருக்கு இந்தத் துறையில் ஆர்வம்’ என்று நாங்கள் பார்ப்பது உண்மையில் ‘யாருக்கு மே மாதம் வேலைக்குப் போகத் தேவையில்லை’ என்பதாக ஆகிவிடும். புள்ளியியல் துறையே இந்தத் தேர்வுப் பிழையைச் செய்தால் எப்படி?

பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் போட்ட பணத்தில் பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு, நாளுக்கு ஒரு சிறு தொகை என்று ஏற்பாடானது. பனியன் கம்பெனிக் கூலிக்கு அது ஈடில்லை. நேரத்தையும் காலை ஒன்பது முதல் ஒன்றரை வரை என்று சுருக்கினோம், மாலை ஷிப்டு பார்க்க நினைப்பவர்கள் பார்க்கட்டும் என்று. ஆறில் நான்கு பேர் திரும்பினார்கள். ஆக, மிச்சப் பயிற்சிக்கு 21 பேர்.

பதிவேடு

இரண்டாம் வாரம் தரவு வந்தது. பக்கத்து ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனை, கிராமங்களில் ரத்த அழுத்த முகாம் போட்டிருந்தது. முதல் முறை மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை, நடைப்பயிற்சி வகுப்பு, ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லி அட்டை. மருந்து தேவைப்பட்டவர்களைத் தனியாக அனுப்பிவிட்டார்கள், அவர்கள் இந்தப் பதிவேட்டில் இல்லை. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி தந்தது. பெயர், ஊர், தொலைபேசி எல்லாவற்றையும் அவர்களே நீக்கி, வரிசை எண்ணோடு கொடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளில் ரகசியம் காப்பது பற்றிய பகுதியை மாணவர்களை உரக்கப் படிக்க வைத்து, அப்புறம்தான் கோப்பைத் திறந்தோம்.

மொத்தம் 1,146 பேர். அதில் 140ஐத் தொட்டவர்கள் 412. ஒரு மாதம் கழித்து வந்தவர்கள் 263. வந்தவர்களின் முதல் சராசரி 153, இரண்டாவது 144.

ஒரே ஆளின் முன், பின் அளவுகளை ஒப்பிடும் ஜோடி டி சோதனையை மாணவர்கள் போட்டார்கள். பி மதிப்பு 0.001க்கும் கீழே, அதாவது மாற்றமே இல்லையென்றால் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. வகுப்பில் ஒரே சந்தோஷம். அன்று மாலையே தரவு தந்த மருத்துவமனையின் மருத்துவருக்கும் செய்தி போய்விட்டது. அவர் உற்சாகமாக, அறக்கட்டளையின் ஆண்டு மலரில் இதைப் போடலாம், நன்கொடையாளர் கூட்டத்தில் பிள்ளைகளையே பேச வைக்கலாம் என்றார்.

அந்த நேரத்தில் மருந்தியல் மாணவி ஒருவர் திரையைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டார். “ஏனுங்க சார், பாதரச மீட்டர்ல ஒவ்வொரு கோடும் ரெண்டு ரெண்டாத்தானே இருக்கும்? இதுல 125ன்னு எப்படி வந்துச்சுங்க?”

புள்ளியியல் மாணவர் யாரும் அந்தக் கருவியைத் தொட்டதில்லை. அவர் தொட்டிருக்கிறார். கோடுகள் இரண்டிரண்டாக இருந்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 மட்டுமே வர வேண்டும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. எண்ணிப் பார்த்தால் மூன்றில் இரண்டு அளவுகள் 0இல் முடிந்தன. 5இல் முடிபவையும் நிறைய. வரவே முடியாத எண்கள். இன்னொரு மாணவர் வயதை எண்ணினார். 50, 55, 60, 65 என்று குவியல் குவியலாக இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது. 23 முதல் 62 வரையான வயதுகளில் 0இலும் 5இலும் முடிபவை எவ்வளவு மிகையாக வருகின்றன என்று பார்ப்பது. குவியலே இல்லையென்றால் 100, எல்லோரும் 0இலோ 5இலோ சொன்னால் 500. எங்கள் பதிவேட்டுக்குப் போட்டபோது, ‘மிக மோசம்’ என்று சொல்லும் 175ஐத் தாண்டிவிட்டது. ஆதாரில் ஜனவரி 1 பிறந்தநாளாக இருக்கும் தாத்தா பாட்டிகள் நிறைந்த ஊர்களில் இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

இரண்டாவது முடிவு: பாடத்தை நிறுத்தியது

திட்டப்படி மூன்றாம் வாரம் லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு, நான்காம் வாரம் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு. இரண்டையும் விட்டுவிட்டு மீதி நாள் முழுவதும் இந்த ஒரு பதிவேட்டோடு இருப்பது என்று முடிவெடுத்தோம். துறையில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. சான்றிதழில் நான்கு தலைப்பு அச்சிட்டாயிற்று, நிறுவனங்கள் கேட்பது சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருள், பிள்ளைகளுக்கு வேலைக்கு ஆகிற எதையாவது கொடுங்கள் என்றார் ஒரு மூத்த பேராசிரியர். அவர் சொன்னதில் தவறில்லை. மருந்து நிறுவனங்கள் இன்றும் சாஸில்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. கல்விக்கான இலவச இணையப் பதிப்பு இருப்பதால் அதைத் தனியாகக் கற்றுக்கொள்ள முடியும் என்பது எங்கள் பதில். மென்பொருளை வீட்டிலிருந்தே பழகலாம். பதிவேட்டில் எண் எப்படி விழுகிறது என்பதை வீட்டிலிருந்து பழக முடியாது.

சிஸ்டர் பக்கத்தில் ஒரு காலை

மருத்துவமனையின் அனுமதியோடு இரண்டிரண்டு பேராக முகாமுக்கு அனுப்பினோம், ஒரு ஜோடியில் ஒருவர் புள்ளியியல், ஒருவர் மருந்தியல். முதல் ஜோடி எழுதிக் கொண்டுவந்த குறிப்பு இப்படிப் போகிறது.

ஒரு கோயில் மண்டபம். எட்டு மணிக்கே நாற்பது பேர் வரிசையில். ஒரே சிஸ்டர், ஒரே கருவி. வெயிலில் நடந்து வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளக்க வேண்டும் என்பது சிஸ்டருக்குத் தெரியும், நாற்காலி மூன்றுதான். பாதரசம் இறங்கும்போது இடது கையால் அடுத்தவரின் அட்டையை வாங்குகிறார். ஏன் எல்லாம் 130, 140 என்று வருகிறது என்று மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, “கண்ணு, இத்தனை சனம் நிக்குது, நான் கோடு கோடா எண்ணிக்கிட்டு இருந்தா மத்தியானச் சோறு ராத்திரிக்குத்தான்” என்றார். 125 எங்கிருந்து வருகிறது என்றால், 120க்கும் 130க்கும் நடுவில் என்று தோன்றினால் 125.

அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். “வயசானவங்க ரெண்டு பஸ்ஸு மாறி வர்றாங்க. 140 போட்டா மறுக்கா வரச் சொல்லி அட்டை எழுதோணும். சில பேருக்கு 138ன்னு போட்டு உட்ருவேன்.”

திரும்பி வந்து பார்த்தார்கள். 138 இருந்தது, 136ஐயும் 142ஐயும் விடப் பல மடங்கு அதிகமாக.

இதைக் கேட்டுச் சிரித்த மாணவர்களை நான் நிறுத்தினேன். சிஸ்டரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு ஆளும் மூன்று நாற்காலியும் கொடுத்துவிட்டு துல்லியம் கேட்பது நிர்வாகத்தின் கோளாறு. புள்ளியியலாளருக்கு முக்கியமானது வேறு: 140 என்ற வாசலில் யார் உள்ளே வந்தார், யார் வெளியே நின்றார் என்பதை ரத்த அழுத்தம் மட்டும் தீர்மானிக்கவில்லை.

ஒன்பது எங்கிருந்து வந்தது

அடுத்த கேள்வி, 153இலிருந்து 144. எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் இது குறைந்திருக்குமா?

ஆரில் கற்பனையாகப் பத்தாயிரம் பேரை உருவாக்கச் சொன்னோம். உண்மையான அளவு சராசரி 130, திட்ட விலக்கம் 15. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் திட்ட விலக்கம் 10 உள்ள ஏற்ற இறக்கம். முதல் அளவு 140ஐத் தொட்டவர்களை மட்டும் எடுத்து, அவர்களையே இன்னொரு முறை அளந்தால்? அறிவுரை இல்லை, நடைப்பயிற்சி இல்லை, உப்பு அப்படியே இருக்கிறது. சராசரி 151இலிருந்து 145க்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டது. ஏறக்குறைய ஆறரை. காரணம் எளிது. அன்றைக்குத் தற்செயலாகக் கூடுதலாகக் காட்டியவர்கள்தான் வாசலுக்குள் அதிகம் வந்திருக்கிறார்கள், அடுத்த முறை அந்தத் தற்செயல் கூடவே வராது. சராசரிக்குத் திரும்புதல் என்று புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்ததை இவர்கள் இப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள்.

உடனே ஒருவர் கழித்தார்: “ஒன்பதில் ஆறரை போனால் இரண்டரை. அதுதான் முகாமின் பலன்.” அதையும் அனுமதிக்க முடியாது. ஏற்ற இறக்கத்தை 10க்குப் பதில் 7 என்று வைத்தால் தானாகக் குறைவது மூன்றரைச் சொச்சம்தான். 12 என்று வைத்தால் எட்டரைக்கு மேல் போகிறது. அந்த மண்டபத்தில், வெயிலில் வந்தவர்களுக்கு அது எவ்வளவு என்று இந்தப் பதிவேட்டில் எங்குமே இல்லை. ஒரே நாளில் ஒருவரை இரண்டு முறை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். போதாததற்குத் திரும்பி வராத 149 பேர் வேறு. குணமானதால் வரவில்லையா, முடியாமல் போனதால் வரவில்லையா?

இதைப் பிரித்துப் பார்க்க, அறிவுரை பெறாத இதே மாதிரி ஆட்கள் கொண்ட ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும். அது எதற்கு என்பதைச் சொல்ல அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு இருக்கிறது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும் மறுபாதியை வீட்டிலேயே விட்டும், இரண்டு பக்கமும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இடநெருக்கடி, சாப்பாடும் குறைவு. இருந்தும் ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்த முடிவு, காசநோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருக்கத்தான் வேண்டும் என்ற எண்ணத்தை உலகம் முழுக்க அசைத்தது. வீட்டில் இருந்தவர்களை மட்டும் பார்த்து ‘நன்றாகிவிட்டது’ என்று எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது முடிவு: மருத்துவரிடம் சொல்வது

சங்கடமான இடம் இதுதான். தரவு கொடுத்தவர் அவர், நல்ல எண்ணத்தோடு கொடுத்தவர், ஆண்டு மலரில் பக்கம் ஒதுக்கிக் காத்திருக்கிறார். நாமே போய்ப் பதமாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாணவர்களே சொல்லட்டும் என்றுதான் முடிவாயிற்று. இந்த வேலைக்குப் போகிறவருக்கு ஆயுள் முழுக்க இதுதான் பாதி வேலை: எதிர்பார்ப்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு மருத்துவரிடம், உங்கள் தரவு அவ்வளவு தூரம் பேசவில்லை என்று மரியாதையாகச் சொல்வது.

மூன்று மாணவிகள் பேசினார்கள். படம் இரண்டே இரண்டு: கடைசி இலக்கங்களின் குவியல் ஒன்று, கற்பனைப் பத்தாயிரம் பேரின் கதை ஒன்று. சிஸ்டர் சொன்ன 138ஐ அவரைச் சுட்டாமல், ‘எல்லைக்கு அருகில் பதிவு சீராக இல்லை’ என்று மட்டும் வைத்தார்கள். அந்த வாக்கியத்துக்கு அவர்கள் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். நன்றாகச் செலவழித்த நேரம்.

மருத்துவரின் முகம் சுருங்கியது. “அப்போ என் பேஷண்ட்ஸுக்கு ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றீங்களா?”

“இல்லைங்க சார், நடந்திருக்கலாமுங்க. எவ்வளவுன்னு இந்தப் பதிவேட்டுல இருந்து எங்களால பிரிச்சுச் சொல்ல முடியலைங்க” என்றார் அந்த மருந்தியல் மாணவி.

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஆண்டு மலரில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது மட்டும் வந்தது. ரத்த அழுத்தம் ஒன்பது குறைந்துவிட்டது என்று எங்கும் வரவில்லை. நன்கொடையாளர் கூட்டத்துக்கு மாணவர்களை அழைக்கவுமில்லை. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

தொடர்ந்து நடந்தது

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து அழைப்பு. எண் காட்டும் தானியங்கிக் கருவி இரண்டு வாங்கியிருக்கிறார்கள், உதவிக்கு இன்னொரு ஆள் போட்டிருக்கிறார்கள், பதிவேட்டில் எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்கச் சொன்னார் மருத்துவர். முதல் அளவு, ஐந்து நிமிடம் கழித்து இரண்டாம் அளவு, நேரம், உட்கார்ந்திருந்தாரா என்று நான்கு கட்டம் சேர்ந்தன. 140 எல்லையை இரண்டின் சராசரியை வைத்துப் பார்ப்பது என்று ஆயிற்று.

கடைசி வாரம், சென்னையில் மருந்துப் பரிசோதனை நிறுவனமொன்றில் இருக்கும் எங்கள் பழைய மாணவி வந்து ஒரு நாள் முழுக்க இருந்தார். பகட்டாக எதுவும் பேசவில்லை. ஒரே அட்டவணையை இரண்டு பேர் ஒருவர் நிரலை ஒருவர் பார்க்காமல் தயாரித்து, இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போகும்வரை விடக்கூடாது என்ற தங்கள் வழக்கத்தைச் செய்துகாட்டினார். அதைப் பார்த்து இரண்டு மாணவர்கள், இது நமக்கு ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்கு வந்த இடத்தில் இதைத் தெரிந்துகொண்டது அவர்களுக்கு லாபம். வேலைக்குப் போய்த் தெரிந்துகொள்வதைவிடச் செலவு குறைவு.

பட்டம் முடித்தபின் 21 பேரில் மூன்று பேர் உயிரிப் புள்ளியியல் முதுநிலைக்குப் போனார்கள், இரண்டு பேர் தரவு நிறுவனங்களில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வங்கித் தேர்வுக்கும் பி.எட்.டுக்கும் பொது முதுநிலைக்கும். பயிற்சி இல்லாவிட்டாலும் அந்த ஐந்து பேர் போயிருப்பார்களா என்று கேட்டால், எங்களிடமும் ஒப்பீட்டுக் குழு கிடையாது.

அடுத்த முறைக்கு

நாள்படிப் பணம் கையில் வந்தபிறகுதான் அறிவிப்பு போகும். தொகையை அறிவிப்பிலேயே போடுவோம், பனியன் கம்பெனிக்குப் போவதா இங்கே வருவதா என்று வீட்டில் கணக்குப் பார்த்து முடிவெடுக்க முடியும். பெற்றோர் கூட்டம் ஒன்றும் முதல் நாளே உண்டு.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு ஜனவரியிலேயே எழுத வேண்டும். முதல் வாரம் தரவில்லாமல் போனதற்குக் காரணம் அந்தத் தாமதம்தான். மருத்துவரோடு முதல் சந்திப்பிலேயே, முடிவு எப்படி வந்தாலும் அதை எங்கே, எந்த வாக்கியத்தில் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் ஒத்துக்கொள்வோம். பி மதிப்பு வந்தபிறகு இந்தப் பேச்சைத் தொடங்குவது கடினம்.

மருந்தியல், செவிலியர் மாணவர்களின் எண்ணிக்கையை மொத்தத்தில் பாதியாக உயர்த்த யோசனை இருக்கிறது. 125ஐப் பார்த்துக் கேள்வி கேட்டது அந்தப் பக்கத்து மாணவிதான், எங்கள் துறைக்காரர் யாரும் இல்லை. பாடத்தைப் பொறுத்தவரை, முதல் நாள் காலை எல்லோரும் ஒருவருக்கொருவர் ரத்த அழுத்தம் அளந்து பதிவேட்டில் எழுதுவார்கள். ஆர் இரண்டாம் நாள். சான்றிதழில் தலைப்புகளைப் பயிற்சி முடிந்தபின் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதை அந்த மூத்த பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். சாஸுக்கு மட்டும் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அவரே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.